துறைமுகமற்ற கரையா? சோழமண்டலக் கடற்பயணத்தில் காலமும் கழிமுகமும்

சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் ஒரு கூற்று வாய்பாடு போலத் திரும்பத் திரும்ப வருகிறது: இக்கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது என்பது. டெல்லியில் கடல்சார் வரலாறு பற்றிப் பேசும் கருத்தரங்குகளிலும், ஆய்வேடுகளின் முதல் இயலிலும் இதை ஒரு புவியியல் உண்மையாகச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் துறைமுகம் இல்லாத கரையில் ஈராயிரம் ஆண்டுகள் கடல்வணிகம் எப்படி நடந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அக்கூற்று யாருடையது, எந்த வகைக் கலத்தின் தளத்தில் நின்று சொல்லப்பட்டது, அது எவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்தது என்பதை ஆராய்வதே இப்பதிவின் நோக்கம். பதிவு நீளமானது. கடல்வணிக வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1

முதலில் கரையின் இயல்பு. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை கோடு போட்டாற்போல நேராகச் செல்கிறது. காற்றைத் தடுக்கும் மலைமுனையோ, கப்பல் ஒதுங்கும் ஆழமான விரிகுடாவோ இல்லை. இருப்பவை ஆறுகளின் வாய்கள்: கூவம், அடையாறு, பாலாறு, பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அரசலாறு, கடுவையாறு எனக் கடலில் கலக்கும் ஒவ்வொன்றும் ஒரு கழிமுகத்தை உண்டாக்கியிருக்கிறது. அக்கழிமுகம் ஒவ்வொன்றின் வாயிலிலும் மணல் காவல் நிற்கிறது.

அந்த மணல் நிலையானதன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே ஆதலால், கடல்நீர் உள்ளே வந்து திரும்பும் விசை மணலை அரித்து வாயைத் திறந்து வைக்கப் போதுவதில்லை. கோடையில் ஆற்றுநீர் குறையும்போது பல கழிமுகங்களை மணல் அடைத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து அந்த மணல்திட்டை உடைக்கிறது.

இங்கேதான் இக்கரையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கழிமுகம் அகலமாகத் திறந்து ஆழமாக இருப்பது மழைக்காலத்தில். வங்கக் கடலில் புயல் உருவாவதும் அதே மழைக்காலத்தில். கரை நோக்கி வரும் அலையும், கடல் நோக்கிப் பாயும் ஆற்று வெள்ளமும் வாயிலில் மோதும்போது அலை செங்குத்தாக எழும்பி உடைகிறது. அடைக்கலம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் வாயில் மிகவும் ஆபத்தானதாக மாறிவிடுகிறது. கதவு திறந்திருந்தும் வாசற்படியைத் தாண்ட முடியாத வீடு என இதைச் சொல்லலாம்.

2

இப்போது கலங்களைக் கவனிப்போம். 18ஆம் நூற்றாண்டில் 74 பீரங்கிகள் தாங்கிய ஓர் ஐரோப்பியப் போர்க்கப்பல் மிதக்க ஏறத்தாழ 6 மீட்டர் நீராழம் வேண்டும். அத்தகைய கலம் எந்தச் சோழமண்டலக் கழிமுகத்திலும் நுழைய இயலாது. ஆகவே அது கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றது. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசுலாப் படகுகளும் சலங்குகளும் அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதரையும் ஏற்றி இறக்கின. ஆணி அறைந்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் நொறுங்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகும் செல்ல முடியாத நாளில் கட்டுமரக்காரரே கடிதங்களைக் கப்பலுக்குக் கொண்டு சென்றனர்.

இந்த நிலையிலிருந்து பார்த்தவர்கள் இக்கரைக்குத் துறைமுகமே இல்லை என்று எழுதியதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் குடியேறிய இடங்களின் பட்டியலைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1613இல் கோட்டை எழுப்பியது பழவேற்காட்டு ஏரியின் வாயருகே. தேனியர் 1620இல் வந்து இறங்கிய தரங்கம்பாடி உப்பனாற்றை ஒட்டியது. ஆங்கிலேயர் 1639இல் பெற்ற சென்னைக் கடற்கரை கூவத்தின் வாயில். புதுச்சேரிக்கு அரியாங்குப்பத்து ஆறு, கடலூருக்குக் கெடிலம், பரங்கிப்பேட்டைக்கு வெள்ளாறு, காரைக்காலுக்கு அரசலாறு, நாகப்பட்டினத்துக்குக் கடுவையாறு. துறைமுகம் இல்லை என்று எழுதியவர்கள் ஒருவர் விடாமல் கழிமுகத்தைத் தேடியே குடியேறினர். காரணம் எளிது. பெருங்கப்பலுக்குப் பயன்படாத வாய், படகுக்கும் தோணிக்கும் துறையாக இருந்தது. உள்நாட்டு நெல்லும் துணியும் உப்பும் அவ்வழியே வந்தன.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் வழிநூலான பெரிப்ளூசு இக்கரையின் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் துறைகளைக் குறிக்கிறது. இங்கிருந்து கரையோரமாக மேற்குக் கரை வரை செல்லும் உள்ளூர்க் கலங்களையும், தொலைவான கடல் கடக்கும் பெருங்கலங்களையும் அது தனித்தனியே பிரித்துச் சொல்கிறது. கலம் வேறானால் துறையும் வேறு என்னும் தெளிவு அந்தக் கிரேக்க மாலுமிக்கு இருந்தது. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில், அலைக்கு உட்புறமாக அமைந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

3

பெருங்கப்பல்களுக்கு இடத்தில் கிடைக்காத பாதுகாப்பைக் காலத்தில் தேடும் வழி ஒன்று உருவாயிற்று. அக்டோபர் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம் இறக்கப்படும்; கப்பல்கள் கரையை விட்டு நீங்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிவிப்பு. டிசம்பர் 15 வரை அக்கரை மூடப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. கப்பல் காப்பீட்டு விதிகளும் இந்நாட்களையே பின்பற்றின. பிரெஞ்சுக் கப்பற்படை மொரீசியசுக்கோ திரிகோணமலை போன்ற இயற்கைத் துறைக்கோ போகும். ஆங்கிலக் கப்பற்படை பெரும்பாலும் பம்பாய்க்குச் செல்லும். 1758இல் லாலி எவ்வளவோ வற்புறுத்தியும் கப்பற்படைத் தலைவர் தாஷே கரையை விட்டு மொரீசியசுக்குக் கிளம்பியதைப் பலரும் கோழைத்தனம் என எழுதியிருக்கின்றனர். பருவத்தையும் பழுதுபட்ட கப்பல்களையும் சேர்த்து எண்ணினால் அம்முடிவை வேறு விதமாகவும் வாசிக்கலாம்.

ஏனெனில் கரையில் தங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மூன்று சான்றுகள் உள்ளன.

முதலாவது 1746. லா போர்தொனே செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றினார். மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதா கூடாதா என்பதில் அவருக்கும் துய்ப்ளேக்கும் இடையே எழுந்த பூசல் வாரக்கணக்கில் நீண்டது. கப்பல்கள் சென்னைக்கு முன்னே நின்றுகொண்டே இருந்தன. அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. பல கப்பல்கள் மூழ்கின அல்லது பாய்மரம் இழந்தன; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இது பிரெஞ்சு நாட்காட்டிப்படியான தேதி. 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே பின்பற்றியதால் அவர்களுடைய ஆவணங்களில் இதே புயல் அக்டோபர் 2 எனப் பதிவாகியிருக்கும். இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிடும் மாணவர்கள் இந்தப் 11 நாள் வேறுபாட்டைத் தவறாமல் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு புயல் இரண்டாகிவிடும்.

இரண்டாவது 1749. ஏப்ரலில், பழைய கணக்கில் 13ஆம் நாள் வாக்கில், கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடைப்பட்ட கடலில் புயல் வீசியது. தளபதி பொஸ்காவனின் கொடிக்கப்பலான நாமூர் புனித டேவிட் கோட்டைக்கு அருகிலும், பெம்ப்ரோக் பரங்கிப்பேட்டைக்கு அருகிலும் அழிந்தன. பொஸ்காவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். கப்பலில் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் பிழைக்கவில்லை.

மூன்றாவது 1761. புதுச்சேரியை ஆங்கிலேயர் கடல்வழி முற்றுகையிட்டிருந்தனர். புத்தாண்டு நாளில், ஜனவரி 1 அன்று, புயல் தாக்கியது. டியூக் தக்கித்தேன், சண்டர்லாந்து ஆகியவை மூழ்கின. நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகியவை கரையில் மோதின. ஏறத்தாழ 1,100 பேர் இறந்தனர். தளபதி ஸ்டீவன்சின் நார்போக் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு திறந்த கடலுக்குள் ஓடியதால் தப்பியது. கரையிலிருந்து விலகுவதே பாதுகாப்பு என்னும் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இம்மூன்று தேதிகளையும் கொடிமரத்தின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று அக்டோபர் 15க்கு இரண்டு நாள் முன்னால், ஒன்று ஏப்ரலில், ஒன்று டிசம்பர் 15க்கு இரண்டு வாரம் பின்னால். மூன்றுமே ‘மூடிய காலம்’ எனக் குறிக்கப்பட்ட இரண்டு மாதங்களுக்கு வெளியே நிகழ்ந்தவை. அந்த இரண்டு மாதங்கள் பாதுகாப்பானவை என்று இதற்குப் பொருளில்லை. அக்காலத்தில் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் அங்கே நிற்காததால் அழிவும் குறைவாகவே பதிவானது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொடிமரத்தின் தேதி ஒரு நிர்வாக விதி. காப்பீட்டுக்கும் கட்டளைக்கும் ஏற்ற, எல்லாருக்கும் பொதுவான ஒரு கோடு. கடல் அக்கோட்டை அறியாது. மேலும் மூன்று நிகழ்வுகளிலும் கப்பல்களைக் கரையோடு பிணைத்தது அரசியலும் போருமே: மீட்புப் பணப் பூசல், படையெடுப்பு, முற்றுகை. பயணத்தின் நாளை மாலுமி முடிவு செய்யாமல் வேறொருவர் முடிவு செய்யும்போது என்ன நேரும் என்பதை இவை காட்டுகின்றன.

4

1749ஆம் ஆண்டுப் படையெடுப்பின் இலக்கே ஒரு கழிமுகம்தான் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய சாகுஜிக்கு உதவுவதாகச் சொல்லி ஆங்கிலேயர் புறப்பட்டனர். அவர்கள் உண்மையில் விரும்பியது கொள்ளிடத்தின் வாயில் இருந்த தேவிக்கோட்டை. அந்த ஆற்றின் உள்ளே பெருங்கப்பல்கள் நிற்கும் அளவுக்கு ஆழம் உண்டு. வாயில் உள்ள மணலை மட்டும் அகற்றிவிட்டால் இக்கரையின் ஒரே உண்மையான துறைமுகம் கைக்கு வந்துவிடும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்த நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். முதல் முயற்சி புயலோடு கலைந்தது. இரண்டாம் முயற்சியில் மேஜர் லாரன்சு தலைமையில் கோட்டை வீழ்ந்தது; இளம் கிளைவும் அப்போரில் பங்கேற்றார். தஞ்சை மன்னர் பிரதாபசிங் கோட்டையை விட்டுக்கொடுத்தார். சாகுஜியின் உரிமை அத்துடன் மறக்கப்பட்டது.

ஆனால் தேவிக்கோட்டை ஒருபோதும் பெருந்துறைமுகம் ஆகவில்லை. கடற்பயணத்தைத் திட்டமிடும் எவருக்கும் தெரிந்த முதல் பாடம் இங்கே மறக்கப்பட்டிருந்தது. ஒரு துறையின் ஆழம் என்பது அதன் உட்புறத்தின் ஆழமன்று. அங்கே செல்லும் வழியில் உள்ள மிகக் குறைந்த ஆழமே அதன் ஆழம். உள்ளே பத்துப் பாகம் இருந்தென்ன, வாயில் ஒரு பாகம்தான் என்றால் அது ஒரு பாகத் துறையே. அந்த ஒரு பாகமும் ஆண்டுதோறும் இடம் மாறும்.

5

அந்த ஒரு பாகத்துக்குள் வாழ்ந்த கலம்தான் தோணி. அதன் தலைவர் தண்டேல். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை மரைக்காயர்களும், பிற கடலோடிச் சமூகத்தாரும், தூத்துக்குடிப் பரதவரும், வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். இவர்களுடைய பயணத் திட்டம் காகிதத்தில் எழுதப்பட்டதன்று; ஆயினும் அதற்கு ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு காற்றும் நீரோட்டமும். வாடை வடக்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கச்சான் மேற்கிலிருந்தும், சோழகம் தெற்கிலிருந்தும் வீசுவன. கரையோர நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறும்: ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் ஜனவரி வரை தெற்கு நோக்கியும் ஓடும். தை, மாசியில் வாடை தணிந்து நிலைப்படும்போது தெற்கே செல்வதும், சோழகம் எழுந்த பின் வடக்கே திரும்புவதும் இதன் இயல்பான விளைவு. கச்சான் வீசும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு அது நிலத்திலிருந்து வரும் காற்று ஆதலால் கரையை ஒட்டிய நீர் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். விடியலில் நிலக்காற்றைப் பிடித்துக் கிளம்பி, பிற்பகலில் கடற்காற்றோடு கரை சேர்வது அந்நாட்களின் வழக்கம்.

இரண்டாம் அடுக்கு ஒதுங்கிடங்களின் வரிசை. எந்தத் தோணியும் ஒரே துறையை மட்டும் நம்பிப் புறப்படுவதில்லை. புறப்பட்ட இடத்துக்கும் சேருமிடத்துக்கும் நடுவே, எந்தக் காற்றுக்கு எந்த இடம் மறைவு என்ற கணக்கு தண்டேலின் நினைவில் இருந்தது. இக்கணக்குக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இராமேசுவரம் தீவு. வடகிழக்குக் காற்று வீசும்போது தீவின் தென்புறமான மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும்; தென்மேற்குக் காற்று வீசும்போது வடபுறமான பாக் விரிகுடா அமைதியாகும். ஒரே தீவுக்கு இரண்டு துறைகள், பருவத்துக்கு ஒன்று. இடையே பாம்பன் கால்வாய். 1822இல் ஆர்தர் காட்டன் அக்கால்வாயை அளந்த பின்னர் 19ஆம் நூற்றாண்டில் அதைப் படிப்படியாக ஆழப்படுத்தினர். அதற்கு முன்பும் சிறு கலங்கள் அவ்வழியே சென்றுகொண்டுதான் இருந்தன.

கல்கியின் வாசகர்கள் அனைவருக்கும் அறிமுகமான கோடியக்கரை இவ்வரிசையில் இன்னொரு முடிச்சு. அங்கே கரை சட்டென மேற்கே திரும்புகிறது. இலங்கை செல்லும் தோணி அங்கே காற்றுக்காகக் காத்திருக்கும். அங்கிருந்து யாழ்ப்பாணக் கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நல்ல காற்றில் ஒரு பகல் அல்லது ஓர் இரவுப் பயணம். எதிர்க்கரையில் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் திறந்த துறைகள். தீவுகளுக்கு உள்ளே அமைந்த ஊர்காவற்றுறை மறைவான துறை. வாடை கடுமையாக இருந்தால் தொலைவு கூடினாலும் ஊர்காவற்றுறையே உரிய தேர்வு.

மூன்றாம் அடுக்கு கழிமுகத்துக்குள் நுழைவது. இதுவே மிக நுட்பமானது. வாய்க்கு வெளியே பாயைச் சுருக்கி நின்று பார்க்க வேண்டும். அலை எங்கே வெண்மையாக உடைகிறதோ அங்கே மணல். இரண்டு வெண்மைகளுக்கு நடுவே உடையாமல் நிறம் கருத்துத் தெரியும் நீர் இருந்தால் அங்கே வழி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் பார்க்க வேண்டும். ஓதம் ஏறும் நேரத்தில் நுழைய வேண்டும். அப்போது தரை தட்டினாலும் நீர் உயர்ந்து கலத்தைத் தூக்கிவிடும். இறங்கும் ஓதத்தில் தரை தட்டிய தோணியை அடுத்த அலைகள் உடைத்துவிடும். சென்ற மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது என்பதால் அன்று காலை அவ்வழியே வந்த கட்டுமரக்காரரிடம் கேட்க வேண்டும். இவ்வளவு பார்த்த பின்னரும் ஐயம் இருந்தால் நுழையாமல் திரும்பக் கடலுக்குள் செல்ல வேண்டும். அடைக்கலத்தின் வாசலில் நின்று அதை மறுக்கும் துணிவே தண்டேலின் தேர்ச்சிக்கு அளவுகோல்.

ஆகவே சோழமண்டலக் கரையில் துறை என்பது கலத்தின் ஆழம், பருவம், அன்றைய மணல் பற்றிய அறிவு ஆகிய மூன்றும் ஒத்துவரும் ஒரு பொழுது. மூன்றில் ஒன்று பிசகினாலும் அதே இடம் பொறியாகிவிடும்.

இதனால் தோணிகள் புயலுக்குத் தப்பின, ஐரோப்பியக் கப்பல்கள் அழிந்தன என்று ஒரு பெருமிதக் கதை கட்டிவிடக் கூடாது. 1746இலும் 1761இலும் மூழ்கிய கப்பல்களின் பெயர், பீரங்கி எண்ணிக்கை, இறந்தோர் தொகை எல்லாம் நமக்குத் தெரிகின்றன. ஏனெனில் அவை அரசுகளின் சொத்து. அதே இரவுகளில் கடலில் இருந்த தோணிகளுக்கும் மீனவர்களுக்கும் அத்தகைய பட்டியல் எழுதப்படவில்லை. ஆவணத்தில் இழப்பு இல்லை என்பதால் கடலில் இழப்பு இல்லை என்று முடிவு செய்வது ஆய்வு நெறியாகாது.

6

தொலைவிலிருந்தே துறையை அறிய அடையாளம் வேண்டும். தாழ்ந்த மணற்கரை சில கிலோமீட்டர் தொலைவிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிடும். பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையில் இருந்த கலங்கரை விளக்கத்தைச் சொல்கிறது. பிற்காலத்தில் அப்பணியைக் கோபுரங்கள் செய்தன. மாமல்லபுரத்துக்கு ஐரோப்பிய மாலுமிகள் வைத்த ஏழு கோயில்கள் என்னும் பெயர் கடலிலிருந்து பார்த்தவர்களின் பெயர். சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள் கொள்ளிட முகத்து மணல்திட்டுகளை விலக்கிச் செல்ல உதவும் குறிகள். பிரதாபசிங் எழுப்பிய நாகூர் மனோரா இன்னொன்று.

இவற்றுள் நாகப்பட்டினத்தின் பழைய பௌத்தக் கோபுரத்தின் முடிவு வருந்தத்தக்கது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னரால் சூடாமணி விகாரம் எழுந்த அந்நகரில், கூரையற்று நின்ற ஒரு செங்கல் கோபுரம் நூற்றாண்டுகளாக மாலுமிகளுக்கு வழிகாட்டியது. அதைப் பற்றி வால்டர் எலியட் விரிவாக எழுதியிருக்கிறார். 1867இல், அரசின் இசைவோடு, இயேசு சபையார் அதை இடித்தனர். சமய வரலாறும் கலை வரலாறும் இழந்ததைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கடலோடிகள் இழந்த ஒரு குறியாகவும் அதை எண்ண வேண்டும்.

இந்த அறிவு எவ்வாறு அச்சு நூலாக மாறியது என்பது அடுத்த கேள்வி. சென்னையில் கம்பெனி ஊழியராக இருந்த அலெக்சாண்டர் தால்ரிம்பிள் 1779இல் கம்பெனியின் கடல்வரைபட அலுவலரானார். 1795இல் பிரித்தானியக் கடற்படையின் முதல் கடல்வரைபட அலுவலரானார். இக்கரையை அளந்த மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் சென்னை வானாய்வகக் கட்டடம் எழுந்தது. கப்பல்களுக்குத் தேவையான தீர்க்கரேகையை நிலைநாட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்சு ஹார்ஸ்பர்க்கின் கடல்வழி நூல் வெளிவந்து மாலுமிகளின் கையேடாயிற்று. கோபுரம், மணல்திட்டு, ஆழம், நங்கூரமிட ஏற்ற சேறு ஆகியவை இவ்வகை நூல்களில் வரிசையாக வருகின்றன. அவற்றைச் சொன்ன கட்டுமரக்காரரும் தண்டேலும் பெயரின்றிப் போயினர்.

கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள டெல்லியில் இருந்து இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1891இல் கல்கத்தாவில் ஆவணத் துறையாகத் தொடங்கி, தலைநகர் மாறியதும் இங்கு வந்த தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் உள்ளன. இன்றைய கடல்வரைபட அலுவலகமோ மலையடிவாரத்து டேராடூனில் இருக்கிறது. கடலைப் பற்றிய அறிவு கடலிலிருந்து விலகி விலகிச் சென்று சேர்ந்த இடங்கள் இவை. ஆகவே டெல்லியில் பயிலும் மாணவர் இந்த ஆவணங்களுக்கு இணையாகத் தமிழ்ச் சான்றுகளையும் வாசிப்பது இன்றியமையாதது. 1736 முதல் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புதுச்சேரிக்குக் கப்பல் வந்ததும் போனதும் பற்றிய கரையோரப் பார்வையைத் தருகிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் பதிப்பித்த ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் அளவு, ஏரா, நாள், கோள் ஆகியவற்றைப் பேசுகிறது. நல்ல நாள் பார்ப்பதை மூடநம்பிக்கை என ஒதுக்கும் முன், அக்டோபர் 15 என்ற காப்பீட்டுத் தேதியும் ஒரு வகை நாள் பார்த்தலே என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரசரத்தினத்தின் வணிக வரலாறும், புதுச்சேரியில் இருந்து பணியாற்றிய ழான் தெலோஷின் போக்குவரத்து வரலாறும், ஜேம்சு ஹார்னெலின் படகு ஆய்வுகளும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கும்.

7

நிலையான துறைமுகம் வந்ததும் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதா? சென்னைத் துறைமுகப் பணி 1870களின் நடுவில் தொடங்கியது. 1881 நவம்பரில் வந்த புயல் கட்டிய தடுப்புச் சுவர்களைத் தகர்த்தது. மீண்டும் கட்டினர். கடலுக்குள் நீண்ட சுவர் வடக்கே நகர்ந்த மணலைத் தெற்கில் தேக்கியது, மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே மணல் வராமல் இராயபுரம் கரையைக் கடல் அரித்தது. ஓரிடத்தில் நிலையான அடைக்கலம் கட்டினால் அதன் விலையைப் பக்கத்துக் கரை செலுத்துகிறது என்பதை இக்கரை அன்றே கற்பித்தது. இன்று ஒவ்வொரு கழிமுகத்திலும் தூண்டில் வளைவும் தடுப்புச் சுவரும் கோரிக்கையாகவும் எதிர்ப்பாகவும் எழும்போது இந்த வரலாறே மறுபடி பேசப்படுகிறது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் அழிந்த தனுஷ்கோடி, தொடர்வண்டியும் துறைமுகமும் சேர்ந்த நிலையான ஊரும் கடலின் முன் தற்காலிகமானதே எனக் காட்டியது.

தோணி அறிவு கரையோடு மட்டும் நின்றதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, தமிழ்க் கடலோடிகளுடன் 1938இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. துறைமுகமற்றது என்று எழுதப்பட்ட கரைகளுக்கு நடுவே பயின்றவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தனர்.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆவணத்தில் ‘துறை’ என்ற சொல்லைக் காணும்போது, எந்தக் கலத்துக்கு, எந்த மாதத்தில், யார் சொல்லி என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவது, பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, வல்வெட்டித்துறை ஆகிய ஊர்களில் தோணித் தொழில் செய்த குடும்பங்களின் கணக்கேடுகளும் கடிதங்களும் பரண்களில் இருந்தால், அவற்றைப் பழைய தாள்காரருக்குப் போடும் முன் படமெடுத்து வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் எந்த மாதம் எந்த வாயில் நுழைந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெருங்கப்பல்களின் இழப்பைக் காப்பகங்கள் காத்து வைத்திருக்கின்றன. தோணிகள் பத்திரமாகத் திரும்பிய பயணங்களின் கணக்கு அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது.